ஒருத்தர் மட்டும் பேசுங்க, மெதுவா பேசுங்க

என் இடது கை ஆள்காட்டி விரல் முழுசாக மடங்காது. நடு மூட்டில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கும். 2016-இல் ஒரு ராத்திரி லத்தி பட்ட இடம் அது. அடித்த காவலர் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அடி விழாமல் இருந்திருக்கலாம், விழாமல் இருக்க அன்றைக்கு அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஐந்து வருஷம் கழித்து, அதைவிட மோசமான நிலைமையில், கையில் அரிவாளோடு நின்ற என்னை வேறு ஒரு போலீஸ்காரர் ஒரு கீறல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு ராத்திரியையும் உள்ளே இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு பைபோலார் என்கிற மனநோய். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வேலைக்குப் போவேன், வீட்டுக்குக் காய்கறி வாங்குவேன், யாருக்கும் எதுவும் தெரியாது. மாத்திரை நின்று தூக்கமும் போனால் நாலைந்து நாளில் தலைக்குள் எல்லாம் வேகமாகிவிடும். ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பர் எனக்காக எழுதப்பட்டது மாதிரி இருக்கும். அப்புறம் குரல்கள் வரும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இப்படி.

முதல் ராத்திரி. நான் அப்போது ஒரு பெரிய ஊரில் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தேன், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். எனக்கு இருப்பது வியாதி என்று ஒரு டாக்டர் சொல்லி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குணமாகிவிட்டேன் என்று நானே முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆறு நாளாகத் தூக்கமில்லை. ராத்திரி ஒரு மணி இருக்கும், வெறும் காலோடு, பனியனும் சாரமுமாக (கைலி) வெளியே வந்து நாலு ரோடு சந்திப்பில் நடுவில் நின்றுகொண்டு லாரிகளை மறித்தேன். லாரிகளுக்குள் குழந்தைகளை அடைத்துக் கொண்டு போகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். சிக்னலில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது, அது எனக்குச் சொல்லும் தகவல்.

ஒரு லாரி டிரைவர் போன் போட்டிருக்கிறார். ரோந்து ஜீப் வந்தது. மேலே நீலமும் சிவப்பும் சுற்றுகிற விளக்கு. நாலு பேர் இறங்கினார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"டேய், எங்கடா வீடு?"

"கையத் தூக்குடா!"

"சரக்கா, கஞ்சாவா?"

"வண்டில ஏறு, ஏறுங்கறேன்ல!"

இதற்கு நடுவில் ஒருவர் தோளில் இருந்த மைக் கரகரவென்று பேசியது. அதில் என் பெயரைச் சொன்ன மாதிரி கேட்டது. நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் நான் கேட்டேன். ஏற்கெனவே தலைக்குள் மூன்று குரல் பேசிக்கொண்டிருந்தது. வெளியே நாலு, மைக்கில் ஒன்று. இதில் எது போலீஸ், எது உள்ளே இருப்பது என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையைத் தூக்குவதா, ஏறுவதா, பதில் சொல்வதா என்று மூன்று உத்தரவுக்கு நடுவில் நான் அப்படியே நின்றேன். வெளியே இருந்து பார்த்தால் திமிராக நிற்பது மாதிரி இருந்திருக்கும்.

அப்போது என் சாரம் நழுவியது. ஆறு நாளாகச் சாப்பாடும் சரியில்லை, இடுப்பு வற்றிப் போயிருந்தது. நான் இடுப்புக்குக் கையைக் கொண்டு போனேன். சாரத்தை இழுத்துக் கட்டுவதற்கு. அவர்களுக்கு அது ஆயுதம் எடுக்கிற கையாகத் தெரிந்தது. லத்தி விழுந்தது. அடுத்த நிமிஷம் நான் தார் ரோட்டில் குப்புறக் கிடந்தேன், ஒருவர் முழங்காலை முதுகில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், எனக்கு மூச்சு வரவில்லை. மூச்சு விடுவதற்காகத்தான் நான் திமிறினேன். திமிறத் திமிற அழுத்தம் கூடியது.

இந்த ஒரு விஷயத்தைப் போலீஸ்காரர்கள் எப்படியாவது மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கலவரமான நிலையில், பல நாள் தூக்கமும் தண்ணீரும் இல்லாமல் இருக்கிற உடம்பைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறினால் ஆள் செத்துப் போகலாம். உலகத்தில் பல ஊர்களில் அப்படிச் செத்திருக்கிறார்கள். நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். திமிறுவது சண்டை போடுவதற்காக இல்லாமல், மூச்சுக்காக இருக்கலாம். பிடித்தே ஆக வேண்டிய நிலைமை வந்தால் பிடித்த உடனே ஒருக்களித்துத் திருப்பிப் போட வேண்டும் அல்லது உட்கார வைக்க வேண்டும். ஒருவர் அவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் கையைத் துண்டால் பின்னால் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் லாக்கப். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. கை கட்டியிருந்த நேரம் முழுக்க என் மனசில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிதான் ஓடிக்கொண்டிருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் இறந்தவர்களோடு சேர்த்து 28 பேர் செத்துப் போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பேப்பரில் வந்த படத்தைப் பார்த்திருக்கிறேன். லாக்கப்பில் எனக்குப் புகை வாசனை வந்தது. கத்தினேன். கத்தக் கத்த "சும்மா கெடடா" என்று கம்பியைத் தட்டினார்கள்.

அக்கா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, டாக்டர் சீட்டைக் காட்டிய பிறகுதான் என்னைக் குடிகாரன் இல்லை என்று நம்பினார்கள். குடித்துவிட்டு ரகளை செய்ததாக ஒரு பெட்டி கேஸ் அதற்குள் எழுதியாகிவிட்டது. நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. வாயை முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், சந்தேகம் வருவது தப்பில்லை, ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு போதையா, பைத்தியமா, நடிப்பா என்று முடிவு செய்ய யாராலும் முடியாது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் உளறுவார், அடிக்கக் கையை ஓங்குவார். வலிப்பு வந்து முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஆள் புரியாமல் சுற்றுவார். தலையில் அடிபட்டவர், கடுமையான காய்ச்சல் உள்ள கிழவி, மறதி நோய் வந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிற பெரியவர், எல்லாருமே ரோட்டில் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற வேலை ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். அதனால் குழப்பமான ஆள் என்று தெரிந்ததும் வண்டி திரும்ப வேண்டிய பக்கம் ஆஸ்பத்திரி. லாக்கப்பில் வைத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நான் இப்போது சாப்பிடுவது லித்தியம். அது சாப்பிடுகிறவருக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்தே விஷமாகலாம். அப்படிப்பட்டவரைத் தண்ணீர் கொடுக்காமல் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று காவலுக்கு இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது. அன்றைக்கு இருந்தது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். அதில்கூட 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டு போக வேண்டும் என்றுதான் இருந்தது. இப்போது இருப்பது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 100-ஆவது பிரிவு முழுக்க முழுக்கப் போலீஸுக்காக எழுதப்பட்டது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரையோ, தனக்கோ அடுத்தவருக்கோ ஆபத்தாக இருக்கிறவரையோ ஸ்டேஷன் அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். அந்தப் 'பாதுகாப்பு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள், கைது என்று எங்கேயும் இல்லை. எதற்காக எடுக்கிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாத நிலை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதியிடம், அதாவது அவர் சார்பில் இருக்கிற ஆளிடம் சொல்ல வேண்டும். முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் என்றே எழுதியிருக்கிறது, இதில் விதிவிலக்கு கிடையாது. சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டத்தின் 95-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது.

இன்னொன்று, தற்கொலைக்கு முயன்றவரிடம் போலீஸ் போகும்போது. 115-ஆவது பிரிவின்படி, வேறு மாதிரி நிரூபிக்கப்படாத வரைக்கும், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்காக விசாரணையோ தண்டனையோ கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடம் போய் "கேஸ் ஆயிரும் தெரியுமா" என்று மிரட்டுவதை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியம் அவரை அடுத்த தடவை யாரிடமும் சொல்லாமல் செய்ய வைக்கும்.

இனி இரண்டாவது ராத்திரி.

2021. கொரோனா நேரத்தில் டாக்டரைப் பார்க்கப் போவது தள்ளிக்கொண்டே போய், மாத்திரை விட்டுப் போயிற்று. நான் அப்போது ஊருக்கே வந்துவிட்டேன், திருநெல்வேலிப் பக்கம். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, சாயங்காலம். அக்காவைக் கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேங்காய் வெட்டுகிற அரிவாளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நின்றேன். அம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன், அப்படித் தள்ளியதில் அம்மா விழுந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. தெருவே கூடிவிட்டது. பெரும்பாலானவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம், மீதியை அக்காவும் பக்கத்து வீட்டு அத்தையும் சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா 108-க்கும் போலீஸுக்கும் போன் செய்தாள். முதல் தடவை பட்டதில் அவள் ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள். "தம்பி அரிவாளோட நிக்கான்" என்று மட்டும் சொல்லாமல், "என் தம்பிக்கு மனநோய் இருக்கு, ட்ரீட்மென்ட்ல இருக்கான், மாத்திரை விட்டுப் போச்சு, ஆறு நாளா தூங்கல, யாரையும் வெட்டல, பயந்து போய் உள்ள நிக்கான், சைரன் போடாம வாங்க" என்று சொன்னாள். குடும்பத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம். வருகிறவர்கள் எந்த எண்ணத்தோடு வண்டியை விட்டு இறங்குகிறார்கள் என்பது அந்தப் போனிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. ஆயுதம் இருந்தால் மறைக்காதீர்கள், இருக்கிறது என்றே சொல்லுங்கள். மறைத்து, அவர்கள் திடீரென்று அதைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வந்தது ஒரு ஏட்டும் ஒரு இளம் காவலரும். பைக்கில் வந்தார்கள். ஏட்டய்யாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். அவர் என்னிடம் பேசுவதற்கு முன்னால் செய்ததுதான் முக்கியம் என்று அக்கா எப்போதும் சொல்வாள். முதலில் கூட்டத்தைக் கலைத்தார். போனில் வீடியோ எடுத்த இரண்டு பையன்களைத் தெருமுக்கு வரைக்கும் அனுப்பினார். லத்தியைப் பைக்கிலேயே சொருகிவிட்டு வந்தார். மைக்கின் சத்தத்தைக் குறைத்தார். அப்புறம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவனுக்கு என்ன பேர் சொன்னா பிடிக்கும், என்ன சொன்னா கோவம் வரும், உள்ள வேற யாரு இருக்கா, பின்வாசல் இருக்கா" என்று கேட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுக்களைக் கதவு பாதிதான் மூடும், மேல் பலகை உடைந்தது. அந்த வழியாக அவரை நான் பார்த்தேன். முற்றத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கும், அதற்கு அந்தப் பக்கம் போய், எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தக் கல் இருக்கிற மாதிரி, நின்றார்.

"தம்பி, நான் போலீஸ்தான். ஒன்னப் பிடிக்க வரல. அக்கா பயந்து கூப்பிட்டா, அதான் வந்தேன்."

நான் ஏதேதோ கத்தினேன். கெட்ட வார்த்தையும் சொன்னேனாம். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "தூங்கி எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் போயிற்று. அதுவரைக்கும் எல்லாரும் அரிவாளைப் பற்றித்தான் பேசினார்கள். அரிவாளைப் போடு, அரிவாளைப் போடு என்று அம்மாவிலிருந்து தெரு முழுக்க. இவர் என் உடம்பைப் பற்றிக் கேட்டார். தெரியல என்றேன். "கண்ணு எரியுமே" என்றார். எரிந்தது.

அப்புறம் வெளியே ஆட்கள் வந்திருக்கிறார்கள், சத்தம் கேட்கிறது என்று அவரிடம் சொன்னேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். அப்படி யாரும் இல்லை என்று வாதாடினால் நீங்களும் எதிரியோடு சேர்ந்தவர் ஆகிவிடுவீர்கள். ஆமாம், வந்திருக்கிறார்கள் என்று ஒத்து ஊதினால் என் பயம் இரட்டிப்பாகும், பிறகு பொய் தெரிந்தால் நம்பிக்கையும் போகும். ஏட்டய்யா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்துவிட்டு, "எனக்கு அந்தச் சத்தம் கேக்கல தம்பி. ஆனா ஒனக்குக் கேக்குது, அது ஒனக்கு பயமா இருக்கு, அது எனக்குப் புரியுது. நான் இங்கதான் நிக்கேன், அக்கா கிட்ட யாரும் வர மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

இளம் காவலருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏட்டய்யா, பின்னால சுத்திப் போயிரவா?" என்று கேட்டிருக்கிறார். "இப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகாத வரைக்கும் நமக்கு என்ன அவசரம்? நீ போயி 108 தெருமுக்குல நிக்கச் சொல்லு, சைரன அணைக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார். இடையில் பத்து நிமிஷம் போல யாரும் எதுவும் பேசாமலும் இருந்திருக்கிறோம். அந்த நேரத்தில்தான் என் நெஞ்சுத் துடிப்பு இறங்கியது என்று நினைக்கிறேன்.

அரிவாள் விஷயத்தை அவர் எடுத்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "அத என்கிட்ட குடு" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன், அக்காவைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். "அத நான் வாங்க மாட்டேன் தம்பி, அது ஒன் வீட்டு அரிவா. ஆட்டுரலுக்குப் பின்னால வச்சிரு, அங்கயே இருக்கட்டும். வெறுங்கையோட வந்து அக்கா கூட டீ குடி" என்றார். யாரிடமும் தோற்றுப்போகாமல் அதைக் கீழே வைக்க எனக்கு ஒரு இடம் கிடைத்தது. ஆட்டுரலுக்குப் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

திறந்த உடனே பாய்ந்து பிடிக்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அக்கா டீ கொண்டு வந்தாள், விஷம் என்று நான் தள்ளினேன், அவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நீட்டினார். அப்புறம் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். "இப்ப நாம தெருமுக்கு வரைக்கும் நடப்போம். அங்க ஒரு வெள்ள வண்டி நிக்கும். அக்கா ஒன் பக்கத்துல உக்காருவா. ஒன் தோள்ல கை வைக்கப் போறேன், சரியா?" சரி என்று நான் தலையாட்டிய பிறகுதான் கை வந்தது. அதற்குள் ஆட்டுரலுக்குப் பின்னாலிருந்து அரிவாளை அந்த இளம் காவலர் எடுத்துவிட்டார், நான் பார்க்காத மாதிரி.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஏட்டய்யா என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடவில்லை. டூட்டி டாக்டர் பார்க்கிற வரைக்கும் இருந்தார், எத்தனை நாள் தூக்கமில்லை, என்ன மாத்திரை, எப்போது விட்டது என்று அக்காவிடம் கேட்டு வைத்திருந்ததை டாக்டரிடம் வரிசையாகச் சொன்னார். ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டரும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். நான் இருபத்தி ரெண்டு நாள் வார்டில் இருந்தேன்.

குணமாகி வந்த பிறகு ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பார்த்தேன். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ட்ரெயினிங் எதுவும் கிடையாது என்றார். "முன்னால ஒரு ஊர்ல ஒரு தடவ அவசரப்பட்டுட்டோம்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருவர் தன் வாழ்க்கையில் பட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில், கையில் கத்தியோடு இருந்த மனநோயாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, 1988-இல் இதற்கென்றே ஒரு பயிற்சி தொடங்கினார்கள். ஒரு வாரம், 40 மணி நேரம். மனநல மருத்துவர்களும் குடும்பத்தினரும் நோய் வந்து மீண்டவர்களும் வந்து பாடம் எடுக்கிறார்கள். சண்டை ஏறாமல் பேச்சில் இறக்குவது எப்படி என்று நடித்துப் பார்த்துப் பழகுகிறார்கள். நாற்பது மணி நேரம் நமக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. கவாத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது.

2023-இல் ஒரு தடவை, தெரிந்த டாக்டர் ஒருவர் மூலமாக, நாற்பது ஐம்பது இளம் காவலர்கள் முன்னால் பேச எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. விரலைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அவன் கத்தியோட மேல வந்தா நாங்க சாகணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வேண்டாம் என்றேன். உன் உயிரும் உன் அம்மாவுக்கு வேண்டும். ஆனால் துணி துவைக்கிற கல் எதற்கு நடுவில் இருந்தது என்று யோசித்துப் பார். ஏட்டய்யா என்னை நம்பி மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை, தூரமும் தடுப்பும் வைத்துக்கொண்டுதான் நின்றார். தள்ளி நின்றால்தான் உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நெருங்கிப் போனால் உனக்கும் எனக்கும் இரண்டு பேருக்குமே வழி அடைந்துவிடும். அவன் நெருங்கினால் நீ பின்னால் போகலாம், பின்னால் போவது கோழைத்தனம் ஆகாது. யாரையாவது வெட்டப் போகிறான் என்றால் அப்போது தடுக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கட்டம் வருவதற்கு முன்னால் இருக்கிற நேரத்தை நாமே கத்திக் குறைத்துவிடக் கூடாது.

ஒரு பெண் காவலர் கேட்டதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.எச்.சுக்குக் கொண்டு போனா, மனநல டாக்டர் காலைலதான் வருவாரு, கூட ஆள் இருந்தாதான் சேர்ப்போம்ங்கறாங்க. ரோட்டுல திரியறவங்களுக்கு நாங்க ஆளுக்கு எங்க போறது?" அவர் சொன்னது முழுக்க உண்மை. போலீஸ் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி, உயிருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து என்கிற அவசரத்தில், பதிவு பெற்ற எந்த டாக்டரும் சிகிச்சை கொடுக்கலாம், 72 மணி நேரம் வரைக்கும். மனநல டாக்டர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த மருத்துவமனையின் மருத்துவ அதிகாரியின் பொறுப்பு என்று 100-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஜீப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வீடில்லாமல் திரிகிறவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியது ஸ்டேஷனின் கடமை, அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மீட்பு மையங்கள் இருக்கின்றன, உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று பகலிலேயே விசாரித்து நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது. போனில் யோசனை கேட்க 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், கையில் பேப்பர் இல்லை.

நானும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நன்றாக இருக்கும்போது, டாக்டரிடம் கேட்டு, என் நியமனப் பிரதிநிதியாக அக்காவை எழுதிக் கொடுத்தேன், சட்டத்தின் 14-ஆவது பிரிவில் அதற்கு வழியிருக்கிறது. அதோடு ஒரு தாள் எழுதி முன்கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மாத்திரையின் பெயரும் அளவும் மாறும்போதெல்லாம் அக்கா அதைத் திருத்துவாள், போன மாசம்கூடத் திருத்தினாள். மேலே என் பெயர், நோயின் பெயர், டாக்டர் பெயர், அக்காவின் நம்பர். கீழே வருகிறவர்களுக்கு நாலு வரி:

லித்தியம் சாப்பிடுகிறேன், தண்ணீர் கொடுங்கள்.

சைரனையும் மைக்கையும் நிறுத்துங்கள், என்னிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

என்னைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள்.

சாரம் நழுவினால் என் கை இடுப்புக்குப் போகும். கட்டிக்கொள்ளத்தான்.